காற்று அடிக்கும் முன் எண்ணைப் படியுங்கள்

மவுண்டன் பைக் டயரை டியூப்லெஸ்ஸாக மாற்றியிருப்பவர்களுக்கும், மாற்றலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்தத் த்ரெட்.

கொஞ்சம் நீளம்தான். ஆனா உங்க கண்ணு, காது சம்பந்தப்பட்டது. கூடவே இன்னொருத்தரோட கண்ணும் காதும் இதுல இருக்கு. அவர் யார்னு கீழே சொல்றேன்.

முதலில் என் நிலைப்பாடு. டியூப்லெஸ் நல்ல விஷயம். நம்ம ஊர் சீமைக்கருவேல முள்ளுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. முள் ஏறினால் உள்ளே இருக்கும் சீலன்ட் திரவம் ஓட்டையை அடைத்துவிடும். குறைந்த காற்றில் ஓட்டலாம். மண்ணில், கல்லில் பிடிப்பும் கூடும்.

எனக்குப் பிரச்சனை ஒன்றே ஒன்றுதான். "நல்லா கல்லு மாதிரி அடிச்சு விடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, எத்தனை பிஎஸ்ஐ என்று யாருமே பார்க்காத பழக்கம்.

டயர் ஏன் ரிம்மை விட்டுத் தெறிக்கிறது? டயரின் இரண்டு ஓரங்களிலும் ஒரு வளையம் இருக்கும். இரும்புக் கம்பியாகவோ, உறுதியான செயற்கை நாராகவோ இருக்கும். அதற்குப் பெயர் பீட். அது ரிம்மில் இறுக்கமாக உட்கார்ந்து பிடித்துக்கொள்வதால்தான் டயர் நிற்கிறது. உள்ளே இருக்கும் காற்று அந்த வளையத்தை எந்நேரமும் வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். இழுவை ஜெயித்தால், வளையம் ரிம்மின் ஓரத்தைத் தாண்டும். கண் இமைப்பதற்குள் மொத்தக் காற்றும் வெளியேறும். அதுதான் அந்த வெடிச்சத்தம்.

"சைக்கிள் டயர்ல என்ன பெரிய காத்து இருக்கப் போகுது டாக்டர்?"

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 29 இன்ச் சக்கரம், 2.4 இன்ச் அகல டயர். அதில் 25 பிஎஸ்ஐ காற்று. டயரின் ஒரு பக்க ஓரம் முழுவதையும் சுற்றிச் சேர்த்தால், காற்று இழுக்கும் விசை தோராயமாக ஒரு டன் எடைக்குச் சமம். 25 பிஎஸ்ஐக்கே இவ்வளவு. அதே டயரில் 60 பிஎஸ்ஐ ஏற்றினால் ஏறக்குறைய இரண்டரை டன்.

இங்கே இன்னொரு விஷயமும் முக்கியம். டயர் எவ்வளவு அகலமோ, அதே காற்றழுத்தத்தில் இழுவை அவ்வளவு அதிகம். 25 மில்லிமீட்டர் ரோடு சைக்கிள் டயரில் 100 பிஎஸ்ஐ ஏற்றினால் ரிம் மீது வரும் இழுவையும், 2.4 இன்ச் மவுண்டன் பைக் டயரில் 40 பிஎஸ்ஐ ஏற்றினால் வரும் இழுவையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதனால், "என் ஃப்ரெண்டு ரோடு பைக்ல 90 அடிக்கிறான், எனக்கு 60 போதாதா?" என்ற கேள்வியே தப்பு. உங்கள் டயருக்கு 60 என்பது அவருடைய 90ஐ விடப் பெரியது.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 2024 பிப்ரவரியில் நடந்த யுஏஇ டூர் பந்தயத்தில், பெல்ஜிய வீரர் தாமஸ் டி கென்ட்டின் டியூப்லெஸ் டயர் ஓடும்போதே ரிம்மிலிருந்து கழன்று, அவர் கீழே விழுந்தார். அது ரோடு சைக்கிள். அந்த ரிம் 'ஹுக்லெஸ்' வகை. அதாவது பீட்டைப் பிடித்துக்கொள்ள ரிம்மின் உள் ஓரத்தில் கொக்கி போன்ற வளைவு இருக்காது. அந்த விபத்துக்குப் பிறகு ஹுக்லெஸ் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது.

சர்வதேசத் தரவிதிப்படி ரோடு சைக்கிளின் ஹுக்லெஸ் ரிம்முக்கு உச்ச வரம்பு 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ. மவுண்டன் பைக்கிலும் இன்று ஹுக்லெஸ் ரிம்கள் நிறைய உண்டு. அவை நன்றாகவே ஓடுகின்றன. காரணம், அவற்றில் நாம் 20 முதல் 30 பிஎஸ்ஐக்குள்தான் காற்று வைக்கிறோம். குறைந்த காற்று என்பதுதான் அந்த வடிவமைப்பின் பாதுகாப்பே. அதை நாமே எடுத்துவிட்டால் பழியை ரிம் மீது போட முடியாது.

சரி, நம்ம ஊரில் எங்கே தப்பு நடக்கிறது?

1. டியூப்லெஸ்ஸுக்காகச் செய்யப்படாத ரிம்மில் டேப் ஒட்டி மாற்றுவது. டியூப்லெஸ் ரிம்மில் பீட் உட்கார்வதற்கென்று ஒரு சின்னத் திண்ணை மாதிரி அமைப்பு இருக்கும். சாதா ரிம்மில் அது இருக்காது. காற்று நிற்கலாம், பீட் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

2. அளவு மாறுவது. டயரின் பக்கவாட்டில் 61-622 என்பது போல ஓர் எண் இருக்கும். பின்னால் வரும் மூன்று இலக்கம்தான் முக்கியம். 29 இன்ச் மவுண்டன் பைக்குக்கு 622. 27.5க்கு 584. 26க்கு 559. நம் தாத்தா காலத்து 28 இன்ச் சைக்கிள் டயர் 635. பெயரில் 28, 29 என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், இது அதற்குப் பொருந்தாது. தொளதொளவென்று உட்காரும் டயர், காற்று ஏற ஏற வெளியே வந்துவிடும்.

3. கம்ப்ரஸர். இதுதான் முக்கியக் குற்றவாளி. புது டியூப்லெஸ் டயரின் பீட், 'டப், டப்' என்ற சத்தத்தோடு ரிம்மில் உட்கார வேண்டும். சில நேரம் உட்காராது. உடனே பஞ்சர் கடைக்குப் போகிறோம். லாரிக்கும் காற்று அடிக்கும் அந்தத் தொட்டியில் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். வால்வில் அடாப்டர் மாட்டி, கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்து அடிப்பார்கள். ஆறு லிட்டர் கொள்ளளவுள்ள டயர் அது. 30லிருந்து 70க்குப் போக அதிக நேரம் எடுக்காது.

பீட் உட்காரவில்லை என்றால் தேவை அதிக அழுத்தம் இல்லை, வேகமான காற்றோட்டம். வால்வின் உள்ளே இருக்கும் கோரைக் கழற்றிவிட்டு அடித்தால் அதே காற்று வேகமாக உள்ளே போகும். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவலாம். அப்படியும் உட்காரவில்லையா? காற்றை இறக்கிவிட்டு டேப்பைச் சரிபாருங்கள். "இன்னும் கொஞ்சம் அடிச்சுப் பார்ப்போம்" என்பதுதான் வெடிக்கும் இடம்.

டயரில் ஒரு உச்ச வரம்பு எழுதியிருக்கும். ரிம்முக்கும் ஒன்று உண்டு. இரண்டில் எது குறைவோ, அதுதான் உங்கள் வரம்பு. பீட்டை உட்கார வைக்கும்போதும் அதே வரம்புதான்.

இப்போது டாக்டராக.

காது: பக்கத்தில் வெடித்தால் செவிப்பறை கிழியலாம். சிறிய கிழிசல்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். ஆனால் உள்காதில் இருக்கும் நுண்ணிய முடி செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைக்காது. காதில் 'ங்ங்ங்' என்ற இரைச்சல், அடைப்பு, கேட்கும் திறன் குறைவு இருந்தால் அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பூண்டு காய்ச்சிய எண்ணெய், வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய், எதுவும் காதில் விடவே கூடாது. தண்ணீரும் போகக் கூடாது.

கண்: இரண்டு விதமான காயம், இரண்டுக்கும் முதலுதவி வேறு. சீலன்ட் மட்டும் தெறித்திருந்தால் உடனே சுத்தமான குழாய்த் தண்ணீரில் 15, 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். பல சீலன்ட்களில் ரப்பர் பாலும் அமோனியாவும் உண்டு. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். கழுவியபின் மருத்துவமனை.

ஆனால் டயரோ, உடைந்த ரிம் துண்டோ கண்ணில் அடித்து, ரத்தம் வந்தாலோ, வெட்டு தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ, தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள். ஒரு பேப்பர் கப்பைக் கண்ணைத் தொடாதபடி மேலே கவிழ்த்து ஒட்டி 108க்கு அழையுங்கள். அவசர அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் வைத்தியமெல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஓடும்போது கழன்றால்? முன் சக்கரம் என்றால் திருப்பவும் முடியாது, பிரேக்கும் பிடிக்காது. கையை ஊன்றித்தான் விழுவோம். மணிக்கட்டும் காறை எலும்பும் உடையும் வழி அது.

இனி, மேலே சொன்ன அந்த இன்னொருவர்.

பஞ்சர் கடையில் வால்வைப் பிடித்துக்கொண்டு டயருக்கு நேராகக் குனிந்து உட்கார்ந்திருப்பவர் நீங்கள் இல்லை. கடையில் வேலை செய்யும் அந்தத் தம்பி. நாம் ஹெல்மெட், கிளவுஸ், கூலிங் கிளாஸ் சகிதம் நான்கு அடி தள்ளி நிற்கிறோம். அவர் முகம் சக்கரத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் இருக்கிறது. கண்ணில் ஒன்றும் இல்லை, காதில் ஒன்றும் இல்லை. லாரி டயருக்கும் பைக் டயருக்கும் பழகிய கை. உங்கள் சைக்கிள் டயருக்கு எத்தனை என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இதில் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஐம்பதாயிரம், ஒரு லட்சம் கொடுத்து சைக்கிள் வாங்கியவர் நீங்கள். எண்ணைத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. சைக்கிள் விற்கும் கடைகளுக்கும் பொறுப்பு உண்டு. பில் போடும்போதே டயர், ரிம் இரண்டின் வரம்பையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க என்ன கஷ்டம்?

அதனால் அடுத்த முறை கடைக்குப் போகும்போது,

"தம்பி, இதுக்கு 28தான். கேஜ் வச்சு அடிங்க. முகத்தைத் தள்ளி வச்சுக்கோங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒரு சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு டயர் கேஜ் உங்கள் பையில் இருக்கட்டும். சீலன்ட் பாட்டிலைவிட விலை குறைவுதான். அந்தக் கண்ணாடியை முதலில் அவரிடம் கொடுங்கள். காற்று அடித்து முடித்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டாம், கடையிலேயே இருக்கட்டும்.