கடல் பக்கத்தில், தண்ணீர் தூரத்தில்

‘முக்கால் மணி நேரம் தண்ணீரில் குதியுங்கள். நாள் முழுக்க உங்கள் உடம்பு கொழுப்பை எரித்துக்கொண்டே இருக்கும்!’ அக்வா ஏரோபிக்ஸ் என்ற பேக்கேஜை இந்தத் தோரணையில்தான் விற்கிறார்கள். கட்டணத்தைக் கேட்டாலே பாதிக் கொழுப்பு கரைந்துவிடும் என்பது வேறு விஷயம்.

முதலில் இந்தப் புருடாவை உடைத்துவிடலாம். கடுமையான பயிற்சி முடிந்த பிறகும் உடம்பு கொஞ்ச நேரம் கூடுதல் ஆக்ஸிஜன் செலவழிக்கிறது, வாஸ்தவம். ஆனால் அந்த இலவச இணைப்பு, பயிற்சியில் செலவான கலோரியில் பத்துப் பதினைந்து சதவிகிதத்தைத் தாண்டுவது அபூர்வம். ஒரு இட்லிக்கு மேல் தேறாது. 2005-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் 11 ஆண்களைத் தண்ணீருக்குள் சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். 20 டிகிரி குளிர்நீரில் மிதித்த பிறகு அவர்கள் சாப்பிட்டது, 33 டிகிரி நீரில் மிதித்த பிறகு சாப்பிட்டதைவிட 44 சதவிகிதம் அதிகம். இரண்டிலும் எரித்த கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். குளிர்ந்த நீர் பசியைக் கிளப்பிவிட்டது.

அப்படியானால் எல்லாம் வீணா? இல்லவே இல்லை. விளம்பரம் சொல்லாத விஷயம்தான் பெரிய விஷயம். தசை வேகமாக வேலை செய்யும்போது, இன்சுலினுக்குக் காத்திருக்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்து ஒரு நாள் வரைகூட அந்தத் தசை இன்சுலின் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நிலத்தில் ஓடினாலும் இதே பலன்தான். ஆனால் 85 கிலோ உடம்போடு, தேய்ந்த மூட்டோடு யார் ஓடுவது? மார்பளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் காலுக்கு வரும். கையை இரண்டு மடங்கு வேகமாக வீசினால் தண்ணீரின் எதிர்ப்பு நான்கு மடங்கு ஆகும். கஷ்டம் எவ்வளவு என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். நீச்சல்கூடத் தெரிய வேண்டியதில்லை. இதய நோயாளிகளும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

இது யாருக்குத் தேவை? 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வைப் பாருங்கள். சர்க்கரை நோயில் கோவாவுக்கு அடுத்த இடம் புதுச்சேரிக்கு. பெரியவர்களில் 26.3 சதவிகிதம் பேர், அதாவது நாலு பேரில் ஒருவர். நாட்டின் சராசரி 11.4 தான்.

இப்போது என்னோடு குருசுக்குப்பத்துக்கு வாருங்கள். புதுச்சேரி நகரத்துக்குள்ளேயே இருக்கும் மீனவர் பகுதி. தெரு முடிந்தால் கடல். ஆனால் இறங்க முடியாது. 1980-களில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்களை நீட்டினார்கள். வருடத்தில் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கேயே சிக்கிக்கொண்டது. நகரத்துக் கடற்கரையைக் கடல் தின்றது. மணலுக்குப் பதிலாகப் பாறாங்கல்லைக் கொட்டினார்கள்.

‘மீனவர்கள்தானே, கடலிலேயே கிடப்பவர்களுக்கு எதற்குப் பயிற்சி?’ என்று கேட்பீர்கள். அது கட்டுமரக் காலத்துக் கேள்வி. துடுப்பு போட்ட காலத்தில் தொழிலே பயிற்சியாக இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகும் எஞ்சினும்தான் பெரும்பாலும். நல்லதுதான், யாரும் முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தோளுக்கு வேலை போய்விட்டது. தட்டில் சோறு குறையவில்லை. கூடை சுமந்து, மணிக்கணக்காக உட்கார்ந்து மீன் விற்கும் பெண்களின் முழங்காலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ‘வாக்கிங் போங்கம்மா’ என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார். எந்த முழங்காலை வைத்துக்கொண்டு போவது? ஓட்டல் நீச்சல்குளத்தின் கேட்டுக்குள் அந்த அம்மாவை விடுவார்களா?

நமக்கு பிரெஞ்சுக்காரன் பேரில் தெரு வேண்டும், போலீஸுக்குச் சிவப்புத் தொப்பி வேண்டும். அவனிடம் கற்க வேண்டியதை விட்டுவிட்டோம். 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் பிரெஞ்சு நீச்சல் சோபிக்கவில்லை. அடுத்த ஆண்டே குழந்தைகள் நீரில் மூழ்கி இறந்தார்கள். ‘ஆயிரம் நீச்சல்குளங்கள்’ என்று ஒரு திட்டம் போட்டார்கள். ஆயிரம் வரவில்லை. ஆனால் சின்னச் சின்ன ஊர்களில்கூட, அறுநூறுக்கும் மேல் கட்டினார்கள். பணக்காரர்களுக்கு அல்ல, பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொதுமக்களுக்கும்.

குருசுக்குப்பத்துக்கு ஒலிம்பிக் குளம் வேண்டாம். நாலடி ஆழத் தொட்டி, சுத்தமான தண்ணீர், ஒரு பயிற்சியாளர், பெண்களுக்குத் தனி நேரம், உடம்பை மூடும் உடையோடு இறங்க அனுமதி, ஒரு டீக் காசில் கட்டணம். ‘பணம் எங்கே?’ என்பார்கள். சர்க்கரை மாத்திரைக்கும், டயாலிசிஸுக்கும், காலை எடுக்கும் ஆபரேஷனுக்கும் மட்டும் பணம் எங்கிருந்து வருகிறதாம்?

அடுத்த முறை உங்கள் வாசலில் ஓட்டு கேட்டு வருபவரிடம் ‘எங்கள் தெருக்காரர்கள் இறங்க ஒரு தொட்டித் தண்ணீர் எப்போது?’ என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால், மறுபடியும் கேளுங்கள்.