ஒரே தேர்வு, பல விண்ணப்பங்கள்: மத்தியப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் நீடிக்கும் இடைவெளி

புதுதில்லி: மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு (க்யூட்) 2022-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. எனினும், தேர்வு ஒன்றானதே தவிர, விண்ணப்பம் ஒன்றாகவில்லை. இந்த வேறுபாட்டை அறியாத மாணவர், போதிய மதிப்பெண் பெற்றும் இடத்தை இழக்க நேரிடலாம்.

2025-இல் இத்தேர்வுக்கு 13 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தனர். தேர்வு விண்ணப்பத்திலேயே பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பதால், சேர்க்கைக்கும் அதுவே போதும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால், தேசிய தேர்வு முகமையின் பணி மதிப்பெண்ணை வெளியிடுவதுடன் முடிந்துவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் தனித்தனியே பதிவு செய்து, அதற்குரிய கட்டணத்தையும் செலுத்த வேண்டும்.

தில்லி பல்கலைக்கழகத்தில் 70 ஆயிரத்துக்கும் அதிகமான இளநிலை இடங்கள் உள்ளன. அதன் கல்லூரிகளுக்குப் பொதுவான ஒதுக்கீட்டு முறை இருப்பதால், ஒரே படிவத்தில் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் மாணவர் வரிசைப்படுத்தலாம். ஆனால், அதே மாணவர் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலோ பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழகத்திலோ சேர விரும்பினால், மீண்டும் தொடக்கத்திலிருந்து விண்ணப்பிக்க வேண்டும்.

பொறியியல் கல்வியில் நிலைமை வேறு. 23 ஐஐடிகள், 31 என்ஐடிகள் உள்ளிட்ட நிறுவனங்களின் இடங்களை 2015 முதல் 'ஜோசா' என்ற கூட்டு அமைப்பு ஒதுக்கி வருகிறது. மாணவரின் விருப்ப வரிசை ஒன்றே; ஒரு நேரத்தில் அவரிடம் இருக்கும் இடமும் ஒன்றே. அவர் விடும் இடம் அடுத்த சுற்றில் இன்னொருவருக்குச் செல்கிறது. 'க்யூட்' முறையிலோ ஒரே மாணவரின் பெயர் பல பட்டியல்களில் இடம்பெறுகிறது. அவர் இறுதி முடிவு எடுக்கும் வரை பின்னால் இருப்போர் காத்திருக்க நேர்கிறது. 2024-இல் தேர்வு முடிவுகள் ஜூலை 28-ஆம் தேதிதான் வெளியாகின. இத்தகைய தாமதம் ஏற்படும்போது அந்தக் காத்திருப்பு மேலும் நீள்கிறது.

தனி விண்ணப்பத்துக்கு நியாயமான காரணங்களும் உண்டு. தகுதிப் பாடங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுபடுகின்றன. இசை போன்ற படிப்புகளுக்குச் செய்முறைத் தேர்வும் தேவைப்படுகிறது. ஆனால், பெயர், சாதிச் சான்றிதழ், பிளஸ் 2 மதிப்பெண் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதற்கு இவை காரணமாகா. பல மத்தியப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைத் தளங்கள், மத்திய கல்வி அமைச்சகத்தின் 'சமர்த்' என்ற ஒரே மென்பொருள் கட்டமைப்பில்தான் இயங்குகின்றன. அமெரிக்காவில் 1975-இல் தொடங்கிய 'காமன் ஆப்' முறையில் பொது விவரங்களை ஒருமுறை அளித்தால் போதும். கல்லூரிகள் தமக்குத் தேவையான கூடுதல் கேள்விகளை மட்டும் தனியே கேட்கின்றன.

எனவே, தடையாக இருப்பது தொழில்நுட்பம் அன்று; நிர்வாக ஒருங்கிணைப்பின்மையே. அதன் சுமை, வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறை மாணவர்கள் மீதே அதிகம் விழுகிறது. ஒருங்கிணைப்பு ஏற்படும் வரை, தேர்வு முடிவுக்காகக் காத்திராமல் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பதிவுக் கெடுவையும் தனித்தனியே கவனிப்பதே மாணவர்களுக்குப் பாதுகாப்பான வழி.