தூண்டில் போட ஒரு பாதை வேண்டும்

போர்முனையில் காலை இழந்து ஊர் திரும்பும் சிப்பாய்க்கு அரசாங்கம் என்ன கொடுக்கிறது? ஓய்வூதியம் கொடுக்கிறது. ஊனத்தின் அளவுக்கு ஏற்ப அதிகத் தொகை கொடுக்கிறது. மருத்துவ வசதி உண்டு. செயற்கைக் கால் உண்டு. இவை போதுமா?

அமெரிக்காவில் இவற்றோடு இன்னொன்றும் கொடுக்கிறார்கள். மீன் பிடிக்க லைசென்சு!

படித்தவுடன் சிரிப்பு வரலாம். காலை இழந்தவனுக்குத் தூண்டிலா என்று கேட்கத் தோன்றும். ஆனால் விஷயம் சிரிப்புக்குரியது அல்ல. தாராவியிலும், மாதுங்காவிலும், செம்பூரிலும் வாழும் நமக்கும் இதில் பங்கு இருக்கிறது.

அங்கே நடப்பது என்ன?

அமெரிக்காவில் ஏரியில் தூண்டில் போடவும், காட்டில் மான் சுடவும் கட்டணம் கட்டி லைசென்சு வாங்க வேண்டும். ராணுவத்தில் ஊனமுற்றவர்களுக்குப் பல மாநிலங்கள் இந்தக் கட்டணத்தைக் குறைத்திருக்கின்றன. சில மாநிலங்கள் அடியோடு நீக்கிவிட்டன. உதாரணத்துக்கு டெக்சாஸ் மாநிலம். ராணுவ சேவையால் 50 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமடைந்தவருக்கு அங்கே வேட்டை, மீன்பிடி இரண்டுக்கும் சேர்த்து இலவச லைசென்சு.

காகிதத்தைக் கையில் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடவில்லை. நடக்க முடியாதவர் நிறுத்திய வண்டியில் உட்கார்ந்தபடியே சுடலாம் என்று பல மாநிலங்களில் தனி அனுமதி உண்டு. மிச்சிகன் மாநிலப் பூங்காக்கள் சிலவற்றில், டாங்கியைப் போலப் பட்டைச் சங்கிலியில் ஓடும் நாற்காலிகளை இலவசமாகத் தருகிறார்கள். மணலிலும் சேற்றிலும் அவை போகும்.

இதன் பின்னால் மருத்துவக் காரணமும் உண்டு. இராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களில் கை கால் இழந்தவர்கள் வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்கு வந்து குவிந்தார்கள். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று, அதே மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வந்த ஓர் அதிகாரி, 2005-ல் அவர்களுக்குத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். மருத்துவமனைப் புல்வெளியில்தான் முதல் பாடம். செயற்கைக் கையால் நூலைப் பிடித்துப் பழகுவது கைக்குப் பயிற்சி. மிதவையின் மேல் கண் வைத்துக் காத்திருப்பது மனதுக்குப் பயிற்சி. பக்கத்தில் தன்னைப் போலவே அடிபட்ட இன்னொருவன் உட்கார்ந்திருப்பது எல்லாவற்றிலும் பெரிய மருந்து.

வேட்டை நமக்கு வேண்டாம்

நம் நாட்டில் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ல் செய்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அது சரியான சட்டம். ஊனமுற்ற வீரர்களுக்காக அதைத் தளர்த்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கப் போவதில்லை.

ஆனால் தூண்டிலுக்கு அப்படிப் பொதுவான தடை எதுவும் இல்லை. நம் மும்பையிலேயே பவாய் ஏரி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், 1891-ல், குடிநீருக்காக உண்டாக்கிய ஏரி அது. குடிக்க உதவாமல் போனாலும், தூண்டில் மீன்பிடிப்போர் சங்கம் ஒன்று அங்கே நெடுங்காலமாக இயங்கி வருகிறது. ஆகவே, 'இந்த நாட்டில் யாருக்கு இந்தப் பொழுதுபோக்கு?' என்று தள்ளிவிட முடியாது. சக்கர நாற்காலியில் இருப்பவர் தண்ணீர் ஓரம் வரை எப்படிப் போவார் என்பதுதான் கேள்வி.

தண்ணீர் தந்த தங்கம்

தண்ணீர் ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்பதை அறிய அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் மகாராஷ்டிராவிலேயே சான்று இருக்கிறது.

சாங்லி மாவட்டம் இஸ்லாம்பூர்ப் பகுதியைச் சேர்ந்த முரளிகாந்த் பேட்கர், ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் சாதாரண சிப்பாய். குத்துச்சண்டை வீரர். 1965 பாகிஸ்தான் யுத்தத்தில் அவர் உடலில் குண்டுகள் பாய்ந்தன. ஒரு குண்டு முதுகெலும்பில் தங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லை. குத்துச்சண்டை அதோடு போயிற்று. சிகிச்சையின் பகுதியாக நீந்தச் சொன்னார்கள். நீந்தினார்.

1968-ல் டெல் அவிவ் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் மேசைப்பந்து ஆடினார். அந்த நாளில் அவருக்குக் கை கொடுத்தவர்களில் ஒருவர், மும்பையின் பழைய கிரிக்கெட் நட்சத்திரம் விஜய் மெர்ச்சன்ட். 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடியில் முடித்தார். தங்கப் பதக்கம்! இந்தியாவுக்குப் பாராலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம் அதுதான். ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் நமக்கு 2008-ல்தான் கிடைத்தது என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

அந்த மனிதருக்குப் பத்மஸ்ரீ விருது எப்போது கிடைத்தது? 2018-ல். 46 ஆண்டு கழித்து!

பாராலிம்பிக் பிறந்ததே ராணுவ மருத்துவத்தில்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை செய்த டாக்டர் லுட்விக் குட்மன், 1948-ல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 நோயாளிகளைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதுவே வித்து.

நம் ராணுவமும் சும்மா இருக்கவில்லை. கட்கியில் முதுகெலும்பு முறிந்த வீரர்களுக்கு மறுவாழ்வு மையம் இருக்கிறது. புனேயில் ஊனமுற்ற வீரர்களுக்கு விளையாட்டுப் பயிற்சி தருகிறார்கள். நாகாலாந்தைச் சேர்ந்த ஹொகாட்டோ செமா, 2002-ல் காஷ்மீரில் கண்ணிவெடியில் ஒரு காலை இழந்தவர்; 2024-ல் பாரிஸ் பாராலிம்பிக்கில் குண்டு எறிந்து வெண்கலம் வென்றார். கார்கிலில் அடிபட்டுக் காலை இழந்த மேஜர் டி.பி.சிங், 2019-ல் நாசிக்கில் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துக் காட்டினார்.

மற்றவர்கள் கதி என்ன?

இவர்களைப் போற்றுவோம். ஆனால் ஓர் உண்மையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பதக்கம் வெல்பவர் சிலர். விமானத்திலிருந்து குதிப்பவர் அதிலும் சிலர். மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள்? வீட்டில் இருக்கிறார்கள்.

சென்னை ராணுவப் பிரிவு என்று நாம் சொல்லும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் வரலாறு 1758-லிருந்து தொடங்குகிறது. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்ற ஊரையே ராணுவப்பேட்டை என்று சொல்லும் அளவுக்கு அங்கிருந்து வீட்டுக்கு வீடு ஆள் போயிருக்கிறார்கள். மும்பையில் இருக்கும் நம்மில் பலருக்கும் ராணுவத்திலிருந்து வந்த மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். அவர்களில் அடிபட்டு வந்தவரை நினைத்துப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. சக்கர நாற்காலியைத் திருப்ப இடமில்லை. காலையில் மகன் வேலைக்குப் போனால் இரவுதான் வருகிறான். நாள் முழுவதும் சுவரும் டி.வி.யும்தான் துணை. ஓய்வூதியம் மாதம் தவறாமல் வங்கிக்கு வருகிறது. அவர்தான் வெளியே வருவதில்லை.

தூண்டிலில் பதக்கம் கிடையாது. வெற்றி தோல்வி கிடையாது. வயது தடை இல்லை. அதனால்தான் அது வீட்டில் இருக்கும் அந்த மனிதருக்குப் பொருந்துகிறது.

'குடியிருக்க நல்ல வீடு இல்லை, கழிப்பறைக்கு வரிசை நிற்கிறோம், இதில் தூண்டில் ஒரு கேடா?' என்று தாராவி வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் யோசித்துப் பாருங்கள். வீடு பெரிதாக இருப்பவனுக்கு வெளியிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வராந்தாவிலாவது உட்காருவான். பத்தடி அறையில் இருப்பவனுக்குத்தான் கடற்கரையும் ஏரிக்கரையும் அவசியம். மேலும், நாற்காலி ஏரிக்கரைக்குப் போகும் பாதை வந்தால், அதே மாதிரிப் பாதை ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேண்டும் என்று கேட்க நமக்கு வாய் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017-ல் அமலுக்கு வந்தது. அதன் 29-வது பிரிவு பண்பாடு, பொழுதுபோக்கு பற்றியது. வெளிப்புற முகாம்களிலும் சாகசப் பயிற்சிகளிலும் மாற்றுத்திறனாளிகள் பங்கு பெற அரசு வழி செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. 30-வது பிரிவு விளையாட்டு வசதிகளை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றியமைக்கச் சொல்கிறது. அதாவது, இது தர்மம் அல்ல. உரிமை.

சட்டம் ஏட்டில் நிற்கிறது என்பதும் உண்மை. 2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு கூறியது. பொது இடங்களுக்கான விதிகள் வெறும் சிபாரிசாக இருக்கின்றன, கட்டாயமாக இல்லை; இது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இனி, 'முடிந்தால் செய்கிறோம்' என்ற பதில் செல்லாது.

மெரீனா காட்டிய வழி

செய்ய முடியுமா என்ற சந்தேகம் உள்ளவர்கள் சென்னை மெரீனாவைப் பார்க்கட்டும். முன்பெல்லாம் டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாள் மட்டும் மணலில் தற்காலிகப் பாதை போடுவார்கள். பிறகு எடுத்துவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் சக்கர நாற்காலிக்காரர் சாலையில் நின்றே கடலைப் பார்க்க வேண்டும்.

மாற்றுத்திறனாளி அமைப்புகள் விடாமல் கேட்டன. 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை வந்தது. 263 மீட்டர் நீளம். செலவு சுமார் 1 கோடியே 14 லட்ச ரூபாய். திறந்த இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. அதோடு விட்டுவிடவில்லை, பழுது பார்த்து மீண்டும் திறந்தார்கள். அந்தப் பாதை வழியாக, வாழ்நாளில் முதல் தடவையாகக் கடல் அலையில் கால் நனைத்தவர்கள் உண்டு.

மும்பையில் நிலைமை வேறு. நடைபாதை வாயில்களில் மாநகராட்சி நட்ட குட்டைத் தூண்களால் சக்கர நாற்காலி நுழைய முடியவில்லை என்ற பிரச்சினையை 2023-ல் பம்பாய் உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளைத் தடுக்க நட்ட தூண், நடக்க முடியாதவரைத் தடுத்தது!

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பவாய் ஏரியைச் சுற்றி மாநகராட்சி போட முயன்ற சைக்கிள் பாதை சட்டவிரோதம் என்று 2022 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏரியைத் தூர்க்கும் எந்த வேலையும் கூடாது. அது சரிதான். ஆகவே சிமெண்டு கொட்டும் திட்டம் நமக்கு வேண்டாம். மெரீனாவைப் போல, உரிய அனுமதி பெற்று, மரத்தில், அளவோடு செய்யலாம். ஏரியில் முதலை உண்டு என்பதால் உறுதியான கைப்பிடித் தடுப்பும் வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. பவாய் ஏரிக்கரையில் சக்கர நாற்காலி போய்த் திரும்ப ஒரு சிறு மேடை. ஜூஹு, தாதர் கடற்கரைகளில் அலை வரை ஒரு மரப்பாதை. தாராவியை ஒட்டியிருக்கும் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவில் எல்லாப் பாதையும் சரிவுப் பாதையாக இருக்கிறதா என்று ஒரு சோதனை. சயான் ஸ்டேஷனிலிருந்து காஞ்சூர்மார்க் வரை லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளி பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டி வரை ஏறிப் போகத் தடையில்லாத வழி வேண்டும்.

நம் வீட்டில் ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தினர் இருந்தால், நாமும் சும்மா இருக்கக் கூடாது. ஓய்வு பெற்ற பின் 50 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்றவர்கள், மாற்றியமைத்த ஸ்கூட்டர் வாங்குவதற்குக் கேந்திரிய சைனிக் போர்டில் உதவித்தொகைத் திட்டம் உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவில் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது நல்ல காரியம். அதோடு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு இளைஞர்கள் சேர்ந்து அவரை நாற்காலியோடு கடற்கரைக்கு அழைத்துப் போனால் அது இன்னும் நல்ல காரியம்.

இந்திய ராணுவம் 2018-ஐக் கடமையில் ஊனமுற்ற வீரர்களின் ஆண்டு என்று அறிவித்தது. ஆண்டு முடிந்துவிட்டது. வீரர்கள் இருக்கிறார்கள். பனிமலையில் நமக்காகக் காவல் நின்ற மனிதன், இன்று ஏரிக்கரையில் ஒரு தூண்டிலோடு உட்கார ஆசைப்பட்டால், அவனுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது சில நூறு அடி மணல். அதன்மேல் பலகை போடுவது ஒரு மாநகராட்சியால் முடியாத வேலை அல்ல.