பாடியவருக்குப் பொன்னாடை, பதிவுக்கு?

போரூரிலிருந்து குன்றத்தூர் போகும் வழியில் இருக்கிறது கோவூர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களில் பலருக்குத் தியாகராஜர் இங்கே வந்து பாடினார் என்பது தெரியாது. கோவூர் சுந்தரேச முதலியார் அழைக்க, அவர் வந்தார்; சுந்தரேசுவரர் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். சஹானா, பந்துவராளி, கரகரப்பிரியா, கல்யாணி, சங்கராபரணம் என்று ஐந்து ராகங்களில் அமைந்த கோவூர் பஞ்சரத்தினம் அது.

இந்த ஐந்தையும் ஒருவர் சிரத்தையாக ஒலிப்பதிவு செய்து வெளியிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பின்னாளில் கலைமாமணி கிடைக்கலாம், வயது கூடினால் சங்கீத கலாநிதியும் கிடைக்கலாம். இரண்டுமே ஆளுக்குத்தான். பதிவுக்கு?

கிராமி விருதில் அதற்கு ஓர் இடம் இருந்தது. 1962 முதல் சிறந்த செவ்வியல் ஆல்பத்துக்கென்று தனி விருது கொடுத்தார்கள். கலைஞரோடு தயாரிப்பாளரும் மேடையேறினார். பின்னாளில் ஒலிப்பதிவுப் பொறியாளரும் சேர்ந்துகொண்டார். கடைசியாக 2011 பிப்ரவரியில், ரிக்கார்டோ மூட்டி சிகாகோ சிம்பொனியை நடத்திய வெர்டியின் ‘ரெக்வியம்’ அதை வாங்கியது. அந்த ஏப்ரலில் 109 பிரிவுகளை 78 ஆக வெட்டினார்கள். இந்த விருதும் போயிற்று.

அதற்காக ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. சேம்பர் இசைக்கும் ஓபராவுக்கும் அங்கே தனித்தனி விருதுகள் இன்றும் உண்டு. (ரவிசங்கரும் மெனுஹினும் சேர்ந்து வாசித்த தட்டுக்கு அறுபதுகளில் கிராமி கிடைத்ததும் சேம்பர் இசைப் பிரிவில்தான்.) செவ்வியல் தயாரிப்பாளருக்கும் ஒலிப் பொறியாளருக்கும்கூடத் தனி விருது தொடர்கிறது. பத்து இருந்த இடத்தில் ஒன்று குறைந்தால் சமாளிக்கலாம். நம்மிடம் அந்த ஒன்றே பெயர் சொல்லும்படி இல்லை.

விளைவு காதில் விழுகிறது. எம்.எஸ். 1963-இல் தட்டாகத் தந்த வேங்கடேச சுப்ரபாதம் ஒலிக்காத விடியல் இந்தப் பக்கத்தில் ஏது? கோயில் ஒலிபெருக்கியில், டீக்கடையில், ஷேர் ஆட்டோவில் எல்லாம் அதுதான். கூடப் பாடிய ராதா விஸ்வநாதனை எத்தனை பேர் அறிவார்கள்? மைக்கை வைத்தவர் யாரென்று யாருமே கேட்டதில்லை.

மார்கழி சீசனில் இத்தனை பட்டம் கொடுக்கும் சபாக்கள் அந்த ஆண்டின் ஒரே ஒரு ஒலிப்பதிவுக்கும் பரிசு தரட்டும். பெரிய தொகை வேண்டாம். போட்டிக்கு வரும் பதிவில் வயலின், மிருதங்கம், ஒலிப்பதிவு செய்தவர், இடம், தேதி ஆகிய ஐந்தும் அச்சிட்டிருக்க வேண்டும். மிருதங்கக்காரர் பெயரில்லாத தட்டை நடுவர்கள் கேட்காமலே திருப்பி அனுப்பலாம்.