அறிந்து கொள்வோம்: ஒரு அலகு என்றால் எவ்வளவு?



இந்தியாவில் சில வருடங்கள் தங்கியிருந்துவிட்டு, அண்மையில் இங்கு பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த ஒரு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தோம். அவருக்குச் சீனி வருத்தம். இங்குள்ள வைத்தியர் எழுதிக் கொடுத்த புது இன்சுலின் குப்பி மேசையில் இருந்தது. பக்கத்தில், அங்கிருந்து கொண்டுவந்த பழைய சிறிஞ்சுகள். "20 கோடு வரைக்கும் இழுக்கிறனான். அதுதானே தம்பியவை அளவு?" என்று கேட்டார். நல்லவேளை, ஊசி போட முதல் கேட்டார்.

அந்தச் சிறிஞ்சு, மில்லிலீற்றருக்கு 40 அலகு உள்ள இன்சுலினுக்கென்று செய்தது. இந்தியாவில் அத்தகைய குப்பி இன்றும் விற்பனையாகிறது. மேசையில் இருந்ததோ மில்லிலீற்றருக்கு 100 அலகு. பழைய சிறிஞ்சில் 20 கோடு என்றால் அரை மில்லிலீற்றர். புதுக் குப்பியில் அது 50 அலகு. இரண்டரை மடங்கு! இரத்தத்தில் சீனி விழுந்து, மயக்கம், வலிப்பு, உயிராபத்து வரை கொண்டுபோகக் கூடிய தவறு இது.

கோடு வேறு, அலகு வேறு. அலகு எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் இந்த வித்தியாசம் மறக்காது.

1922 ஜனவரியில், கனடாவின் ரொறன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் இன்சுலின் ஏற்றினார்கள். மாட்டின் சதையியிலிருந்து எடுத்த சாறு அது. ஒரு முறை எடுத்தது கடுமையாக இருக்கும். மறுமுறை எடுத்தது மென்மையாக இருக்கும். அதில் இன்சுலின் எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்று தராசு சொல்லாது. ஆகவே உயிரைக் கொண்டே அளந்தார்கள். பட்டினி கிடந்த 2 கிலோ முயலுக்கு 4 மணிநேரத்துக்குள் வலிப்பு வரச் செய்யும் அளவே முதலில் ஒரு அலகு. பின்னர் அதில் மூன்றிலொரு பங்கு.

ஆனால் எல்லா முயலும் ஒன்றல்லவே! ஒன்று சிறு அளவுக்கே விழும், இன்னொன்று தாக்குப்பிடிக்கும். இங்கேதான் கணிதம் துணைக்கு வந்தது. எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வோர் அளவு கொடுத்து, எத்தனை வீதமானவற்றில் விளைவு தெரிந்தது என்று வரைபில் குறித்தார்கள். புள்ளிகளை ஒவ்வொன்றாக இணைத்தால் கோணல்மாணல். அவற்றினூடே ஒழுங்காக ஓடும் வளையியைத் தேடினால், ஆங்கில எழுத்தான எஸ் போன்ற வடிவம் கிடைத்தது. அடியில் படுத்திருக்கும், நடுவில் செங்குத்தாக ஏறும், உச்சியில் மீண்டும் படுத்துவிடும்.

அடியிலும் உச்சியிலும் மருந்தைக் கூட்டிக் குறைத்தாலும் வளையி பெரிதாக அசையாது. நடுவில்தான் சிறு மாற்றமும் தெளிவாகத் தெரியும். ஆகவே பாதி எலிகளில் விளைவு தரும் அளவே நம்பத்தக்க அளவுகோல் என்று 1927 இல் இங்கிலாந்தின் ட்றெவன் காட்டினார். 1934 இல் அமெரிக்கரான பிளிஸ், இந்த வளையியை நேர்கோடாக மாற்றிக் கணிக்கும் 'புறொபிற்' முறையைத் தந்தார். மருந்தின் அளவை மடக்கையில் குறித்து, புதுச் சாற்றின் கோட்டையும் நியம இன்சுலினின் கோட்டையும் அருகருகே வரைந்தால், இடையிலுள்ள தூரமே புதியது எத்தனை மடங்கு வலிமை என்று சொல்லிவிடும்.

இன்று பெரும்பாலும் இரசாயன முறையில் அளக்கிறார்கள். மனித இன்சுலினில் ஒரு அலகு 0.0347 மில்லிகிறாம்.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டியவை இரண்டு. அலகு என்பது மருந்தின் வலிமை. சிறிஞ்சில் நிற்கும் நீரின் அளவு அல்ல. குப்பியில் உள்ள எண்ணும் சிறிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்தது, வளையி ஒரு கூட்டத்தின் கதை. அதில் உங்கள் உடம்பு எங்கே நிற்கிறது என்பதை உங்கள் இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். மச்சாளுக்கு 20 அலகு என்பதற்காக உங்களுக்கும் 20 அல்ல. ஒவ்வொரு நாளும் பார்க்கும் சீனி அளவை ஒரு கொப்பியில் எழுதி வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த சிறிஞ்சுகளை மருந்துக்கடையில் காட்டிக் கேளுங்கள். மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. அந்த அம்மா கேட்டபடியால்தான் அன்று எங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.