சாக்ஸபோன் வாசிச்சது யாரு?

மக்களே, முதல்ல ஒரு குட்டி க்விஸ். 1994-ல் வந்த ‘டூயட்’ படத்தில் சாக்ஸபோன் வாசித்தது யார்?

பிரபு என்று சொன்னவர்கள் பெஞ்சு மேல் ஏறவும் :-). கத்ரி கோபால்நாத் என்று சொன்னவர்கள் பாஸ். எங்கள் கிளையில் பக்கத்து சீட் மங்களூர்க்காரரிடம் இதைக் கேட்டால், "நம்மூரினவரு சார்!" என்று நாற்காலியை விட்டு எழுந்தே விடுவார். அந்தப் பெருமை நியாயமானதுதான்.

இரண்டாவது கேள்வி. ‘ஆராதனா’ (1969) படத்தில் ‘ரூப் தேரா மஸ்தானா’ பாட்டு. தமிழ்நாட்டில் இந்தி தெரியாதவர்களும் மனப்பாடமாகப் பாடிய பாட்டு. பாடியது கிஷோர் குமார், இசை எஸ்.டி.பர்மன், நடித்தது ராஜேஷ் கன்னாவும் ஷர்மிளா தாகூரும். இவ்வளவும் டக் டக்கென்று வந்துவிடும். அந்தப் பாட்டில் குழைந்து குழைந்து வரும் சாக்ஸபோன் யாருடையது?

மனோகரி சிங். பெங்களூரில் எனக்குத் தெரிந்த பழைய இந்திப் பாட்டுப் பிரியர்கள் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். பேர் சொன்னவர் ஒருத்தர், அவரும் கொல்கத்தாக்காரர். இந்தப் பதிவே அந்த மீதி ஒன்பது பேருக்காகத்தான்.

1931-ல் கல்கத்தாவில் பிறந்தவர் மனோகரி சிங். பூர்வீகம் நேபாளம். தாத்தா, அப்பா என்று குடும்பமே பேண்டு வாத்தியக் குடும்பம். இவர் வாசிக்க ஆரம்பித்தது எங்கே தெரியுமோ? பாட்டா செருப்புக் கம்பெனியின் பேண்டில்! அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிகள் சொந்தமாக பேண்டு வைத்திருந்தன. முதலில் புல்லாங்குழல், பிறகு கிளாரினெட், அப்புறம் சாக்ஸபோன். கல்கத்தாவில் பேர் வாங்கியவரை பம்பாய்க்கு வரச்சொல்லி உசுப்பிவிட்டவர் இசையமைப்பாளர் சலில் சௌத்ரி. 1958-ல் பம்பாய் வந்தார். அதே வருஷம் எஸ்.டி.பர்மனின் ‘சிதாரோன் ஸே ஆகே’ படத்தில் வாசித்தார். அதன் பிறகு சாக்ஸபோன் என்றாலே கூப்பிடு மனோகரியை என்று ஆகிவிட்டது.

‘காஷ்மீர் கி கலி’ (1964) படத்தில் ரஃபி பாடிய ‘ஹை துனியா உஸீ கீ’ கேட்டிருப்பீர்கள். ஓ.பி.நய்யார் இசை. அதில் ரஃபிக்கு இணையாக அழும் சாக்ஸபோன் இவர்தான். ‘கைட்’ (1965) படத்து ‘காதா ரஹே மேரா தில்’ பாட்டிலும் இவர்தான். இசையமைப்பாளர் மாறுவார், நடிகர் மாறுவார், மூச்சு மட்டும் ஒரே ஆளுடையது.

வாசித்ததோடு நிற்கவில்லை. ஆர்.டி.பர்மனின் வலது கை, இடது கை எல்லாம் பாசு சக்ரவர்த்தி, மனோகரி சிங், மாருதி ராவ் மூவரும்தான். மெட்டு பஞ்சம்தாவுடையது; அதற்கு எந்த வாத்தியம் எங்கே வரவேண்டும் என்று பிரித்து எழுதும் அரேஞ்சர் வேலை இவர்களுடையது. பாசு-மனோகரி என்ற பெயரில் 1976-ல் ஒரு படத்துக்கு இசையும் அமைத்தார்கள். படத்தின் பேர் ‘சப்ஸே படா ருபையா’. அதாவது எல்லாத்தையும் விடப் பெரிசு ரூபாய்தான். பாங்கில் குப்பை கொட்டும் எனக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது!

2010 ஜூலை 13 அன்று மும்பையில் காலமானார். அரை நூற்றாண்டு வாசிப்பு. பஞ்சம்தா படங்களின் டைட்டிலில் ‘உதவி’ என்ற வரியில் மனோகரி என்று பேர் வருவதுண்டு. ஆனால் இந்தப் பாட்டில் சாக்ஸபோன் வாசித்தவர் இவர் என்று திரையிலோ இசைத்தட்டு உறையிலோ போடும் வழக்கமே அன்று கிடையாது.

இப்போது கத்ரிக்கு வருவோம். 1949-ல் தட்சிண கன்னடத்தில் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து, வாசித்தால் இதைத்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தவர். மேல்நாட்டு வாத்தியத்தில் கமகம் வருமா என்று கேட்டவர்களுக்கு, வாத்தியத்தின் அமைப்பிலேயே மாற்றம் செய்து பதில் சொன்னார். சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் பாடம். 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் ஹேண்டி இவர் வாசிப்பைக் கேட்டு அசந்துபோய்ச் சேர்ந்து வாசித்தார். 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. விழாக் கச்சேரி, 2004-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபர் 11-ல் மங்களூரில் காலமானபோது இங்கே கன்னடப் பத்திரிகை, தமிழ்ப் பத்திரிகை இரண்டிலும் பெரிய செய்தி.

‘டூயட்’ ரெக்கார்டிங் பற்றி அவரே பேட்டிகளில் சொன்ன கதை உண்டு. ரஹ்மானுக்காக ஒவ்வொரு ராகமாக வாசித்துக்கொண்டே போனாராம். கடைசியில் கல்யாண வசந்தம் வந்ததும், இதுதான் வேண்டும் என்று அவர் பிடித்துக்கொண்டாராம்.

இரண்டு பேருமே பேண்டு வாத்தியத்தின் வழியாக சாக்ஸபோனுக்கு வந்தவர்கள். மூச்சில் யாரும் யாருக்கும் குறைந்தவர் இல்லை. அப்புறம் ஏன் ஒருத்தர் பேர் ஊருக்கே தெரிகிறது, இன்னொருத்தர் பேர் பத்தில் ஒருவருக்குத் தெரிகிறது? கத்ரி சினிமாவுக்கு வந்த விருந்தாளி. கச்சேரி மேடையில் சம்பாதித்த பேரோடு வந்தார். அந்தப் பேர் படத்துக்கும் லாபம் என்பதால் போட்டார்கள். மனோகரி சிங் அந்த வீட்டிலேயே வாழ்ந்தவர். விருந்தாளி பேர் வாசலில் போர்டாகத் தொங்குகிறது, வீட்டுக்காரர் பேர் ரேஷன் கார்டில்கூட இல்லை!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘டூயட்’டில் கத்ரியோடு ராஜு என்ற கலைஞரும் சாக்ஸபோன் வாசித்தார். க்விஸ்ஸில் அவர் பேரையும் சேர்த்துச் சொன்னவர்கள் கை தூக்கவும்.

"பேர் இல்லைன்னா என்ன சார், காசு வாங்கிட்டுத்தானே வாசிச்சாங்க?" என்று கேட்கலாம். வாங்கினார்கள், கால்ஷீட் கணக்கில். பத்து பைசா ராயல்டி கிடையாது. பாட்டு ஐம்பது வருஷம் ஓடினாலும் வாசித்தவருக்கு அந்த ஒரு நாள் சம்பளம்தான். அந்த நாளும் லேசுப்பட்டதல்ல. ஐம்பது, அறுபது பேர் ஒரே ஹாலில் உட்கார்ந்து பாடகரோடு சேர்ந்து வாசிக்க வேண்டும்; ஒருத்தர் பிசகினால் எல்லாருக்கும் மறு டேக். பிற்பாடு சிந்தசைசர் வந்து அந்த அறுபது நாற்காலிகளில் பெரும்பாலானவற்றைக் காலி செய்தது.

பேர் இல்லாததன் நஷ்டத்தை கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் விவரம் வெளியே சொல்லக்கூடாது, அதனால் ஊர், பேர், வருஷம், கிளை எதுவும் கிடையாது. ஒரு வாத்தியக் கலைஞர் கடன் கேட்டு வந்தார். சம்பள ஸ்லிப் இல்லை, ஐ.டி. ரிட்டர்ன் இல்லை. வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டதும் பையிலிருந்து ஒரு கட்டு சி.டி.க்களை எடுத்து மேஜையில் அடுக்கினார். "இதெல்லாம் நான் வாசிச்ச படம் சார்." எல்லாம் ஹிட் படங்கள். உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒன்றில்கூட அவர் பேர் இல்லை. விதி விதிதான், விண்ணப்பம் திரும்பியது. சி.டி.க்களை மறுபடி வரிசை கலையாமல் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நிற்க. பேர் என்பது வெறும் மரியாதை சமாச்சாரம் மட்டும் இல்லை, சட்டத்திலும் அதற்கு ரூபாய் மதிப்பு இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் ஒரு பெரிய திருத்தம் வந்தது. அதன்படி நிகழ்த்துகலைஞர் சினிமாவுக்காக வாசித்ததை வணிக ரீதியாகப் பயன்படுத்தினால் அவருக்கு ராயல்டி உரிமை உண்டு. நிகழ்த்துகலைஞர் என்ற வரையறையில் பாடகரோடு வாத்தியக்காரரும் வருகிறார். அடுத்த வருஷமே பாடகர்கள் தங்கள் உரிமைச் சங்கத்தை அமைத்துவிட்டார்கள். பிற்பாடு வாத்தியக் கலைஞர்களும் அதன் பெயரில் சேர்ந்தார்கள். நல்ல விஷயம்.

ஆனால் அதே திருத்தத்தில் ஒரு பொடி எழுத்தும் இருக்கிறது. ஒரு சினிமாவில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்குமே அவர் பேர் குறிப்பிடப்படுவதில்லை என்றால், அவர் அநேகமாக நிகழ்த்துகலைஞராகவே கருதப்பட மாட்டார். வாசித்ததைச் சிதைத்தால் ஆட்சேபிக்கும் உரிமை மட்டும் மிஞ்சும்.

அடியேன் பி.காம்., வக்கீல் இல்லை. ‘ரூப் தேரா மஸ்தானா’ சாக்ஸபோன் துணையானதா என்று கோர்ட்டில் வாதாடினால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஆவணம் படித்துப் பழகிய கண்ணுக்கு ஒன்று தெரிகிறது. பேரைப் போடாமல் விட்டது தயாரிப்புத் தரப்பின் பழக்கம். அந்தப் பழக்கமே வாசித்தவரின் உரிமைக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடும். கணக்கில் பேரை எழுதாமல் விட்டுவிட்டு, பேர் இல்லாததால் பணம் உங்களுடையது இல்லை என்று ஒரு பாங்க் சொன்னால் சும்மா விடுவீர்களா?

பாங்கில் யாருடையது என்று தெரியாமல் ஒரு தொகை வந்தால் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் குடைவார், ஆளைக் கண்டுபிடி என்பார். பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் பாங்கின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரியவருக்கு உரிமை போகாது. சொந்தக்காரர்கள் தேடிப் பார்க்க ‘உத்கம்’ என்று இணையதளமே 2023-ல் திறந்தார்கள். நானூறு ரூபாய்க்கு இவ்வளவு தேடுகிறோம். அறுபது வருஷமாக வட்டி குட்டி போடும் ஒரு சாக்ஸபோன் பிட்டுக்கு ஆளைத் தேட யாரும் இல்லை.

"டைட்டில் நீண்டுடும் சார்" என்பார்கள். இன்றைக்குப் படம் முடிந்து ஓடும் டைட்டிலில் கேட்டரிங்கிலிருந்து டிரோன் ஓட்டியவர் வரை எல்லார் பேரும் வருகிறது. வரட்டும், உழைத்தவர்கள். வாத்தியக்காரர்களுக்கு மட்டும்தான் இடம் பற்றாதாமா? ("டைட்டில் கார்டு படிக்கறதே உங்களுக்குப் பொழப்பாப் போச்சு" என்று தங்கமணி ஏற்கெனவே சான்றிதழ் கொடுத்தாயிற்று.) கேசட் காலத்திலேயே ரஹ்மான் வாத்தியக்காரர்கள் பேரை உறையில் போட ஆரம்பித்தார். இப்போது புதுத் தமிழ்ப் பாட்டுகளுக்கு யூடியூபில் பாட்டுக்குக் கீழே வாசித்தவர் பட்டியல் வருவதைப் பார்க்கிறேன். ஆக, முடியாத காரியம் இல்லை. எல்லாரும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

என் கட்சி இதுதான். புதுப் பாட்டு எல்லாவற்றுக்கும் வாசித்தவர் பேர் திரையிலும் செயலியிலும் கட்டாயம் வரவேண்டும். பழைய பாட்டுகளின் உரிமையை வைத்துக் காசு பார்க்கும் கம்பெனிகள், யூனியன் பதிவுகளையும் உயிரோடு இருக்கும் கலைஞர்களையும் கேட்டுப் பேர்களைச் சேர்க்க வேண்டும். சீக்கிரம் செய்ய வேண்டும், ஏனென்றால் எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்று காது வைத்தே சொல்லக்கூடியவர்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள். மனோகரி சிங் அந்தத் திருத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்விட்டார்.

பி.கு.: உங்கள் தெருவில், உறவில், சர்ச் பேண்டில், கல்யாணக் கச்சேரியில் சினிமாவுக்கு வாசித்த யாராவது இருந்தால், எந்தப் படம், எந்தப் பாட்டு, எந்த வாத்தியம் என்று அவர் வாயாலேயே கேட்டு ஒரு நோட்டில் எழுதி, கீழே தேதியும் போட்டு வையுங்கள். தேதி போட்ட என்ட்ரிக்கு எப்போதும் ஒரு மதிப்பு உண்டு.