கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?

மருத்துவக் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் கடைசி இரவு உங்கள் வீட்டில் எப்படிக் கழிந்தது? எங்கள் வீட்டில் சாப்பிட்ட தட்டுகள் கழுவாமல் கிடந்தன. மடிக்கணினி முன்னால் என் கணவர். பக்கத்தில், போன வருட கட்-ஆஃப் அச்சிட்ட தாள்களோடு நான். அலைபேசியில் என் அண்ணன். "அதை நாலாவதுக்குத் தள்ளு, இதை மேலே கொண்டு வா" என்று அவர் சொல்லச் சொல்லப் பெயர்கள் ஏறி இறங்கின. மகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பலாமா என்று கேட்டேன். "பாவம், ரெண்டு வருஷமா சரியாத் தூங்கல, தூங்கட்டும்" என்றார் என் கணவர். அக்கறையாகத்தான் சொன்னார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். பதினொன்றரை மணிக்கு அவருடைய எண்ணுக்கு ஓடிபி வந்தது. பட்டியலைப் பூட்டினோம்.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போதுதான் அவளிடம் சொன்னோம்.

நீட் தேர்வை எழுதியவள் அவள். நாடு முழுக்க இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதும் தேர்வு அது. 720 மதிப்பெண்ணில் ஒவ்வொன்றுக்கும் அவள்தான் உட்கார்ந்து படித்தாள். நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி என்று ஐந்தரை ஆண்டு அந்த ஊரில் தூங்கி எழுந்து, அந்த விடுதியில் சாப்பிட்டு, அந்த வார்டுகளில் நிற்கப் போகிறவளும் அவளே. விண்ணப்பத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரி மட்டும் என் கணவருடையது. அலைபேசி எண்ணும் அவருடையது. கடவுச்சொல்லை அவர் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். அது என்னவென்று அவள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்தக் கடவுச்சொல் பிள்ளைக்குத் தெரியும்?

முதல் சுற்று முடிந்தபோது எங்கள் கையில் மூன்று இடங்கள் இருந்தன. அகில இந்திய ஒதுக்கீட்டில் மகாராஷ்டிரத்தில் ஓர் அரசுக் கல்லூரி. மாநில ஒதுக்கீட்டில் 2022 ஜனவரியில் திறந்த பதினோரு புதிய அரசுக் கல்லூரிகளில் ஒன்று. நிர்வாக ஒதுக்கீட்டில், எங்கள் திருச்சி வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஒரு தனியார் கல்லூரி. ஒரே ஓர் இடம் கிடைக்காதா என்று இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, மூன்று கிடைத்த வீட்டில் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். இருந்தது சண்டைதான். சேர்வதற்குச் சில நாள்தான் அவகாசம். நாத்தனார் ஒன்று சொன்னார், அண்ணன் ஒன்று சொன்னார். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் முகம் தெரியாத ஒருவர் சொன்னதைக்கூட என் கணவர் குறித்து வைத்துக்கொண்டார்.

நான் செய்ததையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன். மல்லிகை, செவ்வரளி, சாமந்தி. மூன்று பொட்டலம், மூன்று கல்லூரி. அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். மகள் கொஞ்சம் தள்ளித் தூண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா" என்றாள். தெய்வ நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. இன்றும் அதே சந்நிதியில் அவளுக்காகத்தான் நிற்கிறேன். ஆனால் பெயர் தெரியாத ஒரு குழந்தையின் கைக்குக் கொடுத்த உரிமையை, பதினெட்டு வருடம் வளர்த்த பிள்ளையின் வாய்க்கு நான் ஏன் கொடுக்கவில்லை?

கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்தது. பள்ளியில் அவளுக்கு மூத்தவளான ஒரு பெண் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இவள் எல்லாம் கேட்டு வைத்திருந்தாள். நாங்கள் பார்த்தது கல்லூரியின் வயதையும் பெயரையும். அவள் கேட்டு வைத்திருந்தது ஆஸ்பத்திரியைப் பற்றி. முதல் ஆண்டு உடற்கூறியலும் உடலியங்கியலும் உயிர்வேதியியலும் புத்தகத்திலும் ஆய்வகத்திலும் போய்விடும். இரண்டாம் ஆண்டிலிருந்து வார்டுக்கு அனுப்புவார்கள், அங்கே நோயாளி இருக்க வேண்டும். 150 மாணவர் சேரும் கல்லூரிக்கு 605 படுக்கைகள் வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதி சொல்கிறது. படுக்கை போடுவது ஒரு காரியம். அதில் ஆள் படுத்திருப்பது வேறு காரியம். காலையில் புறநோயாளிப் பிரிவில் வரிசை வாசல்வரை நிற்கிறதா, பிரசவ வார்டில் இரவில் எத்தனை பேர் வருகிறார்கள், பேராசிரியர்கள் நோயாளியின் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறார்களா என்றெல்லாம் அந்த மூத்த பெண்ணிடம் அவள் கேட்டிருந்தாள். இதில் ஒரு கேள்விகூட எங்கள் தாளில் இல்லை.

மொழியையும் அவள் யோசித்திருந்தாள். மகாராஷ்டிரத்தில் வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும்; ஆனால் வயிற்று வலியோடு வரும் கிழவி மராத்தியில்தான் பேசுவாள். வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் பாதி மருத்துவம். அந்த மொழியைக் கற்றுக்கொண்டு சமாளித்த பிள்ளைகள் நிறைய உண்டு, அவர்களை மதிக்கிறேன். எனக்கு அது முடியுமா என்று பிள்ளை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள இடம் வேண்டாமா? அங்கே படிப்பு முடிந்ததும் ஓராண்டு அரசுப் பணி செய்தாக வேண்டும், இல்லையென்றால் லட்சக்கணக்கில் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் இருப்பதுகூட எங்களுக்கு அவள் சொல்லித்தான் தெரியும்.

பணத்தைப் பற்றி நாம் பிள்ளைகளிடம் பேசுவதே இல்லை. பேச வேண்டிய நேரத்தில் பேசுவதில்லை என்று சொல்வது சரியாக இருக்கும். அரசுக் கல்லூரியில் விடுதிச் செலவு போக ஆண்டுக் கட்டணம் இருபதாயிரத்துக்குள் அடங்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இருபது லட்சத்துக்கும் மேல். மனையை விற்கலாமா என்று நானும் அவரும் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். பெண் பிள்ளை, கண்ணெதிரில் இருக்கட்டும் என்பது என் ஆசை. அவள் காதில் விழாது என்று நினைத்தோம். இரண்டு படுக்கையறை வீட்டில் எது காதில் விழாது? முன்னாலேயே உட்கார வைத்து, "எங்களால் இவ்வளவுதான் முடியும், இதற்கு மேல் கடன் வாங்கினால் அது உன் தலையிலும் விழும்" என்று சொல்லியிருந்தால் அவள் அதையும் சேர்த்து யோசித்திருப்பாள். சொல்ல மாட்டோம். விற்றுக் கட்டிவிட்டு, மூன்றாம் வருடம் ஒரு பேப்பரில் தவறினால் அன்றைக்குச் சொல்வோம், உனக்காக மனையை விற்றோம் என்று. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சொன்னார்கள். அந்தப் பையன் பிறகு விடுமுறைக்கு வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான்.

கடைசியில் புதிய அரசுக் கல்லூரிதான் என்று முடிவானது. அவள் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். போய்ச் சேர்ந்தோம். விடுதியில் அறை கொடுத்தார்கள், வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுத்தாள். வகுப்பு தொடங்குமுன்பே, கூடத் தங்கப்போகும் இரண்டு பெண்களோடு சிநேகமாகி, யார் வாளி கொண்டுவருவது, யார் இஸ்திரிப் பெட்டி கொண்டுவருவது என்று பேசிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் அத்தோடு நிற்கவில்லை. இரண்டாம் சுற்றில் அப்கிரேடேஷன் உண்டே. "புதுக் கல்லூரின்னா நாளைக்கு வெளியில யாருக்குத் தெரியும்? பழைய கல்லூரி ஒண்ணு கிடைச்சா விடக் கூடாது" என்றார் அண்ணன். மறுபடியும் ஓர் இரவு, மறுபடியும் ஓடிபி. சென்னை மருத்துவக் கல்லூரி 1835இல் தொடங்கியது, மதுரைக் கல்லூரி 1954இல் என்று எங்களுக்கு மனப்பாடம். அந்தக் கல்லூரிகளுக்கும் இந்தப் புதிய கல்லூரிக்கும் பட்டம் தருவது ஒரே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான் என்பது நினைவுக்கே வரவில்லை. பழைய கல்லூரிகளுக்குப் பெருமை இருக்கிறது, காரணத்தோடுதான் இருக்கிறது. ஆனால் அன்று எங்களுக்கு அந்தப் பெருமை யாருக்காக வேண்டியிருந்தது? கல்யாண வீட்டில் "பொண்ணு எங்க படிக்கிறா?" என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்குத்தான் வேண்டியிருந்தது.

மேல் இடம் கிடைத்துவிட்டால் முதலில் கிடைத்த இடம் தானாக ரத்தாகிவிடும். திரும்பிப் போக வழியில்லை. தன் கல்லூரி மாறிய செய்தி அவளுக்கு அப்பாவின் அலைபேசியில் வந்த குறுஞ்செய்தியாகத்தான் தெரிந்தது. அழவில்லை. அந்த இரண்டு பெண்களுக்கும் போன் செய்து, "நான் வரலடி" என்று மட்டும் சொன்னாள். நாங்கள் பக்கத்து வீட்டுக்கு இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்தப் பழைய கல்லூரியில் நன்றாகத்தான் படிக்கிறாள். கல்லூரி நல்ல கல்லூரி, குறை ஒன்றுமில்லை. வேறொன்று நடந்துவிட்டது. எதைக் கேட்டாலும் "நீங்களே சொல்லுங்க" என்கிறாள். தீபாவளிக்கு என்ன நிறத்தில் எடுக்கலாம்? நீங்களே சொல்லுங்க. விடுமுறைக்கு எப்போது வருகிறாய்? நீங்களே சொல்லுங்க. அமைதியான பெண் என்று உறவுக்காரர்கள் பாராட்டுகிறார்கள். எனக்கு அடிவயிற்றில் பயமாக இருக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் நள்ளிரவில், பெரிய டாக்டர் வந்து சேருவதற்குள், மூச்சுத் திணறும் ஒருவருக்கு என்ன செய்வது என்று அவள் முடிவெடுக்க வேண்டும். பக்கத்தில் நானோ அவள் அப்பாவோ மாமாவோ இருக்க மாட்டோம். தனக்குச் சரி என்று தோன்றியதைச் சொல்லும் பழக்கத்தையே நாங்கள் பறித்துவிட்டு, அவளை எந்த நம்பிக்கையில் அங்கே நிறுத்துகிறோம்?

அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் தோழி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் பெறவிருந்த மாணவி ஒருத்தியோடு சென்னைக்குக் கலந்தாய்வுக்குப் போனாள். மாணவியின் அம்மாவும் கூட வந்திருந்தார். எந்தக் கல்லூரி என்று கேட்டபோது அந்த அம்மா மகளைப் பார்த்து, "நீ போய் இருக்கப்போற ஊரு, நீயே சொல்லும்மா" என்றாராம். அந்தப் பெண் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொன்னாளாம். தோழி இதை என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டணம் நாம்தான் கட்டுகிறோம். ஒப்பந்தத்தையும் விதிகளையும் நாம்தான் படித்துச் சொல்ல வேண்டும். நம் வசதியின் எல்லையை முதல் நாளே சொல்லுங்கள், பயம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். முடிந்தால் கல்லூரியோடு இணைந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், புறநோயாளிப் பிரிவு வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். அதன் பிறகு வரிசைப்படுத்துவது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும். நமக்குப் பிடிக்காத பெயர் முதலில் வந்தால் ஏன் என்று கேளுங்கள், பதிலை முழுதாகக் கேளுங்கள்.

இந்த ஆண்டு கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும்போது, பிள்ளையின் எண்ணையும் பிள்ளையின் மின்னஞ்சலையும் கொடுங்கள். ஓடிபி அந்த எண்ணுக்கே வரட்டும். பட்டியலைப் பூட்டும் இரவு பிள்ளை தூங்கிவிட்டால், தயவுசெய்து எழுப்புங்கள்.